சத்தப் புத்தகம்

மேடம் என்னிடம் முதலில் கேட்டது என் எடையை. பெயரைக்கூடக் கேட்கவில்லை. திக்லிபூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பெட்டி, ஒரு பிளாஸ்டிக் வாளியோடு இறங்கினார். ஆராய்ச்சி ஸ்டேஷன் காவலுக்குப் போட்டிருக்கும் ஆள் நான்தான் என்று சொன்னேன். தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தார்.

"எத்தன கிலோ இருப்பீங்க அண்ணாச்சி?"

எழுபத்தி நாலு என்றேன்.

"நடக்கும்போது குதிகால ஓங்கி வைப்பீங்களா, மெதுவா வைப்பீங்களா?"

நாற்பது வயது வரை என்னை யாரும் கேட்காத கேள்வி. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட என் மாமனார் சம்பளத்தோடு நிறுத்திக்கொண்டார். தெரியவில்லை என்றேன். அப்படியானால் நடந்து காட்டுங்கள் என்றார். பஸ் ஸ்டாண்டில், பாக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் நடுவில், நான் அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தேன். பையிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்து, 'காவலர். 74 கிலோ. இடது குதிகால் பலம்' என்று எழுதிக்கொண்டார். அந்த நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அதில் முதல் ஆள் நான்.

நான் அதற்கு முன் பதினோரு வருஷம் போர்ட் பிளேர் – திக்லிபூர் பஸ்ஸில் கண்டக்டர். இன்னும் ஒரு வருஷம் அந்த ரோட்டில் போனால் முதுகுத்தண்டைத் தனியாக டிக்கெட் போட்டு அனுப்ப வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னதால் இறங்கிக்கொண்டேன். எங்கள் குடியிருப்புக்கு மேலே ஒரு குன்று உண்டு. அதன் உச்சியில் மெயின்லேண்டிலிருந்து ஏதோ ஆராய்ச்சிக்காரர்கள் ஓர் அறை கட்டி, ஒரு குழி தோண்டி, குழிக்குள் ஒரு கருவியை இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். பூகம்ப அலையைப் பிடிக்கும் கருவி. அதைப் பார்த்துக்கொள்ள மேடம், மேடத்தைப் பார்த்துக்கொள்ள நான்.

பூகம்பம் வந்தால் அந்தமான்காரனுக்குச் சொல்ல ஒரு கருவி எதற்கு என்பது என் கட்சி. வேலைக்குச் சேர்ந்த வாரமே அதைச் சொல்லிவிட்டேன்.

"ஆடுறது உங்களுக்கே தெரியும் அண்ணாச்சி. அது எனக்கு வேண்டாம்," என்றார். "கீழ போயிட்டுத் திரும்பி வாரது ஒண்ணு இருக்கு. அதுதான் வேணும்."

கீழே என்றால் கிணறு அளவு கீழே இல்லை. பூமியின் நடு வரைக்கும். அவர் அதைச் சொன்னபோது மண்டல் பாபுவும் இருந்தார். மண்டல் பாபு எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர், வங்காளி, எழுபது தாண்டியவர், இரண்டு முழங்காலும் போனவர். எதையும் நம்பாதவர். அவர் கொண்டுவந்திருந்த முளைத்த தேங்காயை மேடம் வாங்கி உடைத்தார். உள்ளே தண்ணீருக்கு நடுவில் வெள்ளையாக உருண்டு நிற்குமே தேங்காய்ப் பூ, அதைக் காட்டினார். சிரட்டையும் பருப்பும் நாம் நிற்கிற பாறை. தண்ணீர், உருகிய இரும்பு. நடுவில் இருக்கும் பூ, கெட்டி இரும்பு. யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. இங்கே ஒரு பூகம்பம் ஆடினால் அதன் அலை நேர் கீழே இறங்கி, உருகிய இரும்பைக் கடந்து, அந்தக் கெட்டி உருண்டையின் விளிம்பில் முட்டும். அதில் துளியூண்டு திரும்பி மேலே வரும். போய் வர பதினாறரை நிமிஷமும் கூட ஐந்து நொடியும் ஆகும்.

மண்டல் பாபு அந்தப் பூவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தீவு ஹிந்தியில் கேட்டார். "யஹ் தோ காதே ஹைன். வோ கிஸ் காம் கா?" இதைத் தின்னலாம், அது எதற்கு உதவும் என்று கேள்வி.

மேடம் யோசித்தார். அவர் எந்தக் கேள்விக்கும் யோசிப்பார். "எதுக்கும் உதவாது பாபு. ஆனா அது நமக்குக் கீழதானே இருக்கு," என்றார். நான் ஹிந்தியில் சொன்னேன். பாபு தலையாட்டிவிட்டு இன்னொரு தேங்காயை உடைக்கச் சொன்னார்.

அந்தத் துளியூண்டு அலை எவ்வளவு சிறியது என்றால், ஓர் ஆடு வந்து ஸ்டேஷன் சுவரில் முதுகைச் சொறிந்தால் போதும், பூமியின் நடுவிலிருந்து வந்தது காணாமல் போய்விடும். அதனால்தான் நோட்டு. கருவி எல்லா அதிர்வையும் எழுதும். எது யாருடையது என்று அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது மேடத்தின் வேலை, கண்ணால் பார்த்ததை நேரத்தோடு எழுதுவது என் வேலை. 'சத்தப் புத்தகம்' என்று நாங்கள் அதைச் சொன்னோம். 'காலை 6.10, சேவல், மண்டல் பாபுவுடையது, 2 கிலோ 300.' 'பகல் 11.40, தேங்காய் விழுந்தது, வடக்கு மரம்.' 'மாலை 4.05, ஆடு, கறுப்பு, சுவரில்.' சேவலை நிறுக்கப் போனபோது அது என் கையைக் கொத்தியது. அதையும் எழுதச் சொன்னார்.

ஒன்று சொல்ல வேண்டும். இங்கே இருந்த இரண்டரை வருஷத்தில் அவர் யாரையும் சத்தத்தை நிறுத்து என்று சொன்னதில்லை. "இது யாரோடது?" என்று மட்டும்தான் கேட்பார். பதில் கிடைத்துவிட்டால் முகம் தெளிந்துவிடும். ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தார். சோற்றில் கை வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். குழம்பில் ஏதோ விழுந்துவிட்டது என்று என் மனைவி செல்விக்குப் பதற்றம். "அக்கா, தரைக்குள்ள ஒண்ணு ஓடுதே, இது யாரோடது?" என்றார் மேடம். செல்வி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாவது வீட்டில் மாவு அரைக்கிறார்கள். மேடம் "நல்லது" என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை மீன் குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். பேச்சின் நடுவிலும் இப்படி நிறுத்துவார். கீழே ரோட்டில் பஸ் போகும். "ஏழு பத்து. இன்னைக்கு மூணு நிமிஷம் லேட்டு," என்பார். பதினோரு வருஷம் கண்டக்டராக இருந்தவனிடம் சொல்கிற பேச்சா இது? எனக்குக் கோபம் வரும். வாட்சைப் பார்ப்பேன். மூன்று நிமிஷம் லேட்டாகத்தான் இருக்கும்.

அவர் சொந்தக் கதை எனக்கு அதிகம் தெரியாது. தூத்துக்குடிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு போன் செய்வார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஸ்டேஷனுக்குள் செருப்புப் போட மாட்டார். அவ்வளவுதான். எங்கள் குடியிருப்பில் அவரைப் 'பூகம்ப் மேடம்' என்று சொல்வார்கள். அவர் வந்த பிறகுதான் பூகம்பம் கூடிவிட்டது என்று நம்பிய வீடுகள் இரண்டு உண்டு.

இனி ஸ்டேஷன் கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தள்ளிப்போடலாம் என்று பார்க்கிறேன், முடியவில்லை.

சுனாமிக்குப் பிறகு எங்கள் குடியிருப்பில் ஒரு வழக்கம். தரை நன்றாக ஆடினால் யாரும் யாரையும் கேட்பதில்லை. அடுப்பை அணைப்பார்கள், குன்றுக்கு மேலே ஏறுவார்கள். எல்லாரும் ஏறப் பத்து நிமிஷம். மண்டல் பாபு மட்டும் கடைசியாக வருவார். கையில் நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும். கடல் ஊருக்குள் வந்தாலும் அவர் அதை உட்கார்ந்துதான் பார்ப்பார். உச்சியில் இருந்து கடலைப் பார்ப்பார்கள், ஒன்றும் வராது, இறங்கிப் போய்ச் சோறு வடிப்பார்கள். ஸ்டேஷன் வந்ததும் அந்த உச்சியைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு ஓர் இரும்புக் கேட் வைத்துவிட்டார்கள். சாவி என்னிடம். வேலிக்கு வெளியே நின்றாலும் உயரம் அதே உயரம்தான். ஆனாலும் உள்ளே வந்து சமதரையில் உட்கார்ந்தால்தான் அவர்களுக்கு உயிர் வரும்.

முதல் தடவை ஆடியபோது மேடம் என்னிடம் சொன்னார். "பதினாறரை நிமிஷம், அஞ்சு நொடி. அதுவரைக்கும் கொஞ்சம் அசையாம இருக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. முடிஞ்சா."

அவர் கேட்டுக்கொண்டதை நான் சட்டமாக்கினேன். எங்கள் ரோட்டில் பஸ்ஸில் வேலை பார்த்தவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. ஆதிவாசிகளின் காட்டுக்குள் போகிற பாதையில் செக்போஸ்ட் கேட் உண்டு. வண்டிகள் எல்லாம் வரிசையாக நிற்கும், நேரம் ஆனதும் கேட் திறக்கும், கான்வாய் கிளம்பும். நேரம் என்றால் நேரம்தான். ஒரு நிமிஷம் முன்னால் கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள், ஒரு நிமிஷம் பிந்தினால் டிரைவர்கள் ஹாரனிலேயே கொன்றுவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பதினோரு வருஷம் நின்றவன் நான். ஆட்டம் தெரிந்த நொடியில் வாட்சில் பித்தானை அழுத்துவேன். ஜனங்கள் கேட்டுக்கு வெளியே கல்லாக நிற்பார்கள். குழந்தைகளைக்கூட இடுப்பில் அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். பதினாறு நிமிஷம் முப்பத்தைந்து நொடி. சலோ என்று தாழை எடுப்பேன். கேட் தன் கனத்திலேயே திரும்பிப் போய்த் தூணில் இடித்து நிற்கும். ஒரு 'தம்'. பிறகு எல்லாரும் உள்ளே. 'ஜனங்கள் வந்தார்கள், 17 நிமிஷம்' என்று சத்தப் புத்தகத்தில் எழுதுவேன்.

'தம்'மை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். ஆடு, சேவல், தேங்காய், பஸ் எல்லாம் எழுதினேன். அது நான் போட்ட சத்தம். சத்தம் என்றால் மற்றவர்கள் போடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போல.

அந்த வெயில் காலத்தில் மூன்று தடவை நன்றாக ஆடியது. மூன்றிலும் சரியாகப் பதினாறு நிமிஷம் முப்பத்தைந்தாவது நொடியில், கருவியின் திரையில் ஒரு கோடு எழுந்தது. சின்னது, ஆனால் சுத்தமானது. மேடம் அதைப் பார்த்தார், மறுபடி பார்த்தார், திக்லிபூர் போய் அரைக் கிலோ ஜிலேபி வாங்கிவந்தார். இரண்டரை வருஷத்தில் அவர் செய்த ஒரே ஆடம்பரம். மெயின்லேண்டில் இருந்த அவருடைய புரொபசருக்கு போனில் சந்தோஷம் தாங்கவில்லை. பூமியின் நடுவிலிருந்து வந்தது இவ்வளவு பளிச்சென்று எங்கேயும் பதிவானதில்லையாம். ஸ்டேஷனுக்கு இன்னும் மூன்று வருஷம் வாங்கித் தருகிறேன் என்றார். நான் மூன்று ஜிலேபி சாப்பிட்டேன்.

பிறகு மழை வந்தது. மழைக்காலத்தில் இரண்டு தடவை ஆடியது. அப்போதும் கோடு வந்தது, ஆனால் மூன்று நொடி முன்னாலேயே வந்தது. மூன்று நொடி என்றால் நமக்கு ஒரு தும்மல். கீழே அது பதினைந்து கிலோமீட்டராம். அதாவது பூமியின் நடுவில் இருக்கும் கெட்டி உருண்டையின் விளிம்பு மழைக்காலத்தில் பதினைந்து கிலோமீட்டர் மேலே ஏறிவந்திருக்கிறது. புரொபசருக்கு இன்னும் சந்தோஷம். விளிம்பு வழவழப்பாக இல்லை, மேடு பள்ளம் இருக்கிறது, அது மாறுகிறது, உடனே எழுதி அனுப்பு என்றார்.

மேடம் எழுதவில்லை. அறை வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூமிக்குள்ள மழ பெய்யாது அண்ணாச்சி," என்றார்.

அன்றிலிருந்து தேட ஆரம்பித்தார். மழையில் எது மாறும்? கூரையில் விழும் தண்ணீர், ஓடை, நனைந்த மண், படகுத்துறையில் கட்டிய படகு. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, எழுதி, இது இல்லை என்று அடித்தார். புரொபசர் தினமும் போன் செய்தார். மேடமும் தினமும் "இன்னும் ஒரு வாரம் சார்" என்றார்.

எனக்கு விஷயம் பிடிபட்டது மழைக்காலத்தின் மூன்றாவது ஆட்டத்தில். நல்ல மழை. எல்லாரும் கேட்டுக்கு வெளியே நனைந்துகொண்டு நிற்கிறார்கள். மண்டல் பாபு நாற்காலியைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தபடி, "அரே பாய், கோல் தோ. பூரா பீக் கயா," என்று முனகினார். திறந்துவிடு, முழுக்க நனைந்துவிட்டேன் என்கிறார். எனக்கு இரக்கம் வந்தது. முப்பத்து இரண்டாவது நொடியில் தாழை எடுத்துவிட்டேன். கேட் போய் இடித்தது. அந்தத் 'தம்' என் உள்ளங்காலில் ஏறியது. மேடத்தோடு இருந்து இருந்து என் காலும் கேட்கப் பழகியிருந்தது. வாட்சைப் பார்த்தேன். முந்தின இரண்டு மழையிலும் இதே இரக்கம்தான் வந்திருந்தது. மழைக்கு இரக்கப்பட்டு நான் பூமியின் நடுவைப் பதினைந்து கிலோமீட்டர் தூக்கிவிட்டிருக்கிறேன்.

உடனே போய்ச் சொன்னேனா? இல்லை. பதினோரு நாள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் மூன்று வருஷம் போய்விடும், என் வேலையும் போய்விடும், முதுகோ பஸ்ஸுக்கு லாயக்கில்லை. பன்னிரண்டாவது நாள் செல்வியிடம் சொன்னேன்.

"நீங்க சொல்லலன்னா அந்தப் புள்ள மழ பெஞ்சா பூமி வீங்குதுன்னு எழுதிரும்," என்றாள்.

"எழுதட்டுமே. யாரு போய்ப் பாக்கப் போறா?"

"அப்ப அந்த நோட்டுல தினமும் ஆட்டப் பத்தி, சேவலப் பத்தி எழுதுறீங்களே, அது எதுக்கு?"

இதற்கு மேல் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. குன்றுக்கு ஏறிப் போனேன். மேடம் ஓடைப் பக்கமிருந்து முழங்கால் வரை சேற்றோடு வந்துகொண்டிருந்தார். ஓடையின் மேலேயும் சந்தேகம் தீர்ந்துவிட்டதாம்.

"மேடம், கேட்டு இடிக்குமே, அத எழுதணுமா?" என்றேன்.

"எந்தக் கேட்டு?"

"நம்ம கேட்டுதான். ஜனங்களுக்குத் தொறக்குறப்போ."

"எப்ப தொறப்பீங்க?"

"நீங்க சொன்ன நேரத்துக்குத்தான். பதினாறு முப்பத்தஞ்சு." மீதியையும் சொன்னேன். "மழன்னா மூணு நொடி முன்னால."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கால் சேற்றைக் கழுவினார். உள்ளே போய்த் திரையின் முன்னால் உட்கார்ந்து, "தொறங்க," என்றார். திறந்தேன். 'தம்'. "மூடிட்டு மறுபடி தொறங்க." பத்து தடவை திறக்க வைத்தார். பத்து தடவையும் அந்தச் சின்ன, சுத்தமான கோடு வந்தது.

"நல்லா வருது," என்றார்.

மறுநாள் நானும் அவரும் கேட் தூணைச் சுற்றித் தோண்டினோம். தூணின் அடி சிமென்டும் குழிக்குள் கருவி நிற்கும் மேடையும் ஒரே கலவை. கட்டியவர் எவரோ இரண்டையும் ஒன்றாகக் கொட்டிச் சிக்கனம் செய்திருக்கிறார். கேட் இடித்தால் கருவியின் காதிலேயே இடித்த மாதிரி. மேடம் அதையும் நோட்டில் படம் போட்டுக்கொண்டார். பிறகு புரொபசருக்கு போன் செய்தார். நான் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றேன்.

"சார், அது கேட்டு."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"இரும்புக் கேட்டு சார்."

அதற்குப் பிறகு நெடுநேரம் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். காவலாளியின் தவறு என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவே இல்லை. "நான் கேக்காம விட்டுட்டேன் சார்," என்றார். எனக்கு மண்வெட்டியைப் போட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் போல இருந்தது.

மார்ச் வரைக்கும் ஸ்டேஷன் இருக்கும். அதற்குள் சந்தேகமே இல்லாத ஒரு பதிவு, ஒரே ஒரு பதிவு கிடைத்தால் மேலே பேசிப் பார்க்கலாம். இல்லையென்றால் கருவியைப் பெட்டியில் போட்டுக் கப்பலில் ஏற்ற வேண்டியதுதான். இது புரொபசர் சொன்னது. மேடம் செய்த முதல் காரியம் கேட்டைக் கழற்றி மண்டல் பாபுவின் தோட்டத்துக்குக் கொடுத்தது. இனி யாரும் வெளியே நிற்க வேண்டாம், நேரே உள்ளே வந்து, வந்த இடத்தில் உட்கார்ந்துவிடட்டும், இருபது நிமிஷம் எழாமல் இருந்தால் போதும் என்றார். இதை வீடு வீடாகப் போய் அவரே சொன்னார். அவருடைய ஹிந்தி நாலே சொல்தான்: "பீஸ் மினட். ஹில்னா நஹீ." இருபது நிமிஷம், அசையக் கூடாது. மண்டல் பாபு வீட்டில் மட்டும் தமிழிலும் சொன்னார். "இதுதான் கடைசி பாபு. கெடச்சா உண்டு, இல்லன்னா நான் ஊருக்குப் போறேன்." பாபுவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டினார்.

டிசம்பரில் ஒன்றுமில்லை. பூகம்பம் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே குடும்பம் அந்தமானில் எங்களுடையதாகத்தான் இருக்கும். ஜனவரியில் பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. அதற்கு மறுநாள் காலை பத்து மணிக்கு ஆடியது. நல்ல ஆட்டம். செல்வியின் எவர்சில்வர் குடம் உருண்டு வாசல் வரை வந்தது. வாட்சை அழுத்திக்கொண்டு குன்றுக்கு ஓடினேன்.

பத்து நிமிஷத்தில் ஊரே உச்சியில். வந்தவர்கள் வந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். மேடம் வெறுங்காலோடு அறை வாசலில், உள்ளே இருந்த திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், எங்களுக்கு முதுகு காட்டி. நான் கேட் இருந்த இடத்தில் பாதையைப் பார்த்து உட்கார்ந்தேன். ஒரு குழந்தைகூட அழவில்லை. ஐம்பது அறுபது பேர் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

பதினைந்து நிமிஷம் ஆனபோது மண்டல் பாபு பாதையின் திருப்பத்தில் தெரிந்தார். வழக்கம்போல் கடைசி. மேலே பார்த்தார். எல்லாரும் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அங்கேயே நின்றார். இனி நடந்தால் மேடத்துக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியும். நாற்காலியை மெதுவாகப் பாதையில் வைத்து, மெதுவாக அதில் உட்கார்ந்தார். பாதை செம்மண், முந்தின நாள் மழை. நாற்காலியின் முன்கால் சறுக்கியது. பாபு பக்கவாட்டில் விழுந்து, சரிவில் உருண்டு, ஒரு பாக்கு மரத்தடியில் போய் நின்றார். வாட்சில் பதினைந்து நிமிஷம் ஐம்பது நொடி.

கத்தவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. கை மடங்கிக் கிடந்தது, வாய் வலியில் கோணிப்போனது, என்னைப் பார்த்தார், ஆனால் கத்தவில்லை, அசையவும் இல்லை. என்னைத் தவிர வேறு யாருக்கும் அந்த இடம் தெரியாது. நான் வாட்சைப் பார்த்தேன். இன்னும் நாற்பத்தைந்து நொடி. நாற்பத்தைந்து நொடியில் ஒன்றும் ஆகிவிடாது. நாற்பது. பாபுவே பொறுத்துக்கொள்கிறார். முப்பது. மூன்று வருஷ வேலை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

விழுந்த அதிர்வு திரையில் தெரிந்திருக்கிறது. இது யாரோடது என்று பார்க்க மேடம் திரும்பினார். முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தை எட்டிப் பார்த்தார். எழுந்தார். ஓடினார். கருவி இருந்த குழியைத் தாண்டி, உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே, வெறுங்காலோடு, அந்தச் சரிவில். பதினாறு நிமிஷம் இருபது நொடி. இன்னும் பதினைந்து நொடிதான் இருந்தது. பிறகுதான் நாங்கள் எல்லாரும் ஓடினோம்.

பாபுவுக்கு மணிக்கட்டு முறிவு. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டாக்டர், கொஞ்சம் முன்னே பின்னே தூக்கியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றார். அந்தப் பேச்சு எனக்குத்தான் தேவைப்பட்டது, ஆனால் உதவவில்லை. மேடம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாபு அவரிடம் ஹிந்தியில் சொன்னார். "மைன் ஹிலா நஹீ, மேடம்." நான் அசையவில்லை என்கிறார்.

"தெரியும் பாபு. விழுந்தது மட்டுந்தான் நீங்க. மத்ததெல்லாம் நான்," என்றார் மேடம். நான் ஹிந்தியில் சொன்னேன்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன். "அது வந்துச்சா மேடம்?"

"வந்திருக்கும்."

"தெரியலையா?"

"என் காலடிதான் தெரியுது. அதுக்கு அடியில இருக்கும்." கொஞ்ச தூரம் போன பிறகு, "நீங்க எப்ப பாத்தீங்க அண்ணாச்சி?" என்றார்.

"இப்பத்தான் மேடம். நீங்க பாத்தப்போதான்," என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. யாருடையது என்று தெரியாத சத்தத்தை விடவே விடாதவர், அதை விட்டுவிட்டார்.

மார்ச்சில் கருவியைப் பெட்டியில் வைத்துக் கட்டினோம். கப்பலுக்கு மண்டல் பாபுவும் வந்திருந்தார், கட்டுப் போட்ட கையோடு, மற்ற கையில் ஒரு முளைத்த தேங்காயோடு. மேடம் அதை வாளியில் வைத்துக்கொண்டு ஏறினார். சத்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். கருவி இல்லாத இடத்தில் அது எதற்கு என்றேன். "வச்சுக்கிடுங்க. முதல் பக்கத்துல நீங்கதானே இருக்கீங்க," என்றார்.

இப்போது நாங்கள் போர்ட் பிளேரில், டாலிகஞ்சில் இருக்கிறோம். ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுதுகிறேன், உட்கார்ந்த வேலை. எப்போதாவது தரை ஆடினால் எல்லாரும் தெருவுக்கு ஓடுவார்கள். நானும் ஓடுவேன், வாட்சை அழுத்திக்கொண்டு. பதினாறரை நிமிஷம் வரை தெருவில் அசையாமல் நிற்பேன். பக்கத்துக் கடை மலையாளி, இவருக்கு வாயு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஒருமுறை முதுகைத் தடவிவிட்டார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் மேடத்தின் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே எழுதியது. '16 நிமிஷம் 20 நொடி. ஓடியது: நான். 52 கிலோ. வெறுங்கால்.' அதைக் கப்பல் போன பிறகுதான் பார்த்தேன். அதற்கு மேலே ஒரு வரி அளவுக்கு இடம் விட்டிருந்தார். அது வெகுநாள் வெறுமையாகவே கிடந்தது. போன மாதம்தான் கடையில் பேனாவை எடுத்து அந்த இடத்தில் எழுதினேன்.

'15 நிமிஷம் 50 நொடி. பார்த்தது: நான். 74 கிலோ. அசையவில்லை.'